வீட்டுக்கு வந்த வேலையும் வராத நடையும்

அலுவலக வேலையை வீட்டிலிருந்தே செய்யும் முறை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நேரம், வாடகை, போக்குவரத்து, உற்பத்தித்திறன் ஆகியவற்றைச் சுற்றியே நடந்துவருகின்றன. வேலை செய்கிறவரின் உடல் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. இடம்பெற்றாலும், வீட்டில் இருந்ததால் சோம்பல் வந்தது, சோம்பலால் தொப்பை வந்தது என்ற எளிய தீர்ப்போடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடந்த எழுபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு எவ்வளவு மேலோட்டமானது என்பது விளங்கும். அலுவலகம் சென்று திரும்பும் வாழ்க்கை, யாரும் திட்டமிடாமலேயே, ஒரு நாளின் நடையையும் உணவு வேளையையும் வேலை முடியும் நேரத்தையும் வகுத்து வைத்திருந்தது. வேலை வீட்டுக்கு வந்தபோது கணினி வந்தது, கூட்டங்கள் வந்தன, இலக்குகள் வந்தன, ஆனால் வேலையோடு ஒட்டியிருந்த நடை மட்டும் வரவில்லை. உடல் எடை கூடுவது இந்த இழப்பின் வெளித்தெரியும் அடையாளமே ஆகையால், அதைத் தனிமனிதரின் மனவுறுதிக் குறைவாகக் கருதாமல், வேலை அமைக்கப்பட்டுள்ள விதத்தின் விளைவாகக் கருதுவதே நியாயமாகும்.

பயணத்தை ஒழிக்கும் எண்ணம்

இன்றைய பொருளில் வீட்டிலிருந்து வேலை செய்யும் கருத்துக்குப் பெயர் கொடுத்தவர், அமெரிக்க விண்வெளித் திட்டங்களில் பணியாற்றிய ஜாக் நிலஸ் என்பவர். 1973-இல், எண்ணெய் நெருக்கடியும் லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களின் வாகன நெரிசலும் கவலை தந்துகொண்டிருந்த காலத்தில், ஊழியரை வேலையிடத்துக்குக் கொண்டுசெல்வதற்குப் பதிலாக வேலையை ஊழியரிடம் கொண்டுசென்றால் என்ன என்று அவர் கேட்டார். அந்தக் கணக்கில் பயணம் முழுக்க முழுக்க வீண்செலவு: எரிபொருள் வீண், நேரம் வீண், சாலை வீண். பயணத்துக்குள் மறைந்திருந்த உடலசைவுக்கு அந்தக் கணக்கில் தனியாக ஒரு வரி இல்லை.

அந்த மறைந்த வரி என்ன என்பதைச் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையை வைத்தே விளக்கலாம். 2000-ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் சிறுசேரி வரை வளர்ந்த இந்தச் சாலையில் பணிபுரியும் ஒருவர், காலையில் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடக்கிறார், நிறுத்தத்தில் நிற்கிறார், வளாக வாயிலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத் தம் கட்டடம் வரை நடக்கிறார், பதினொரு மணித் தேநீருக்கும் மதிய உணவுக்கும் எழுந்து போகிறார், அடுத்த தளத்தில் இருப்பவரிடம் ஒரு சந்தேகம் கேட்க மாடியேறுகிறார், மாலையில் சாலையோரத் தேநீர்க் கடையில் நின்று பேசிவிட்டுத் திரும்புகிறார். இவற்றில் எதையும் அவர் உடற்பயிற்சி என்று எண்ணியதில்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது இவை அனைத்தும் ஒரே நாளில் நின்றுபோயின; படுக்கையிலிருந்து கணினி மேசை வரையிலான சில அடிகளே காலைப் பயணமாயிற்று. ஊரடங்கு விலகிய பின்னும், முழுமையாகவோ வாரத்தில் சில நாள்களோ, அந்த ஏற்பாடு பல நிறுவனங்களில் தொடர்கிறது.

ஓட்டுநரும் நடத்துநரும்

வேலையின் ஊடே நிகழும் அசைவு உடல்நலத்தைத் தீர்மானிக்கிறது என்பதை முதன்முதலில் பெரிய அளவில் காட்டியவர் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜெர்ரி மாரிஸ். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் ஒரே வண்டியில், ஒரே நெரிசலில், ஏறக்குறைய ஒரே சமூகப் பின்னணியோடு இருவர் பணிபுரிந்தனர். ஓட்டுநர் தம் பணிநேரத்தில் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 1953-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான மாரிஸ் குழுவின் முடிவுகளின்படி, இதய நோய் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தபோதும் உயிரைப் பறிக்கும் கடுமை குறைவாக இருந்தது. கடிதம் கொண்டுசெல்லும் அஞ்சல்காரர்களையும் உட்கார்ந்து பணிசெய்யும் எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதே போக்குத் தென்பட்டது.

மாரிஸ் அத்தோடு நிற்கவில்லை என்பதே அவருடைய ஆய்வின் சிறப்பு. போக்குவரத்து நிறுவனம் வழங்கிய சீருடைகளின் அளவுப் பதிவேடுகளை எடுத்து, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததையும், இளம் வயதிலேயே அந்த வேறுபாடு இருந்ததையும் 1956-இல் அவர் வெளியிட்டார். அதாவது, உட்கார்ந்த வேலை உடலைப் பருக்கச் செய்தது என்பதோடு, பருத்த உடல்வாகு உள்ளவர்கள் உட்கார்ந்த வேலையைத் தேர்ந்திருக்கவும் கூடும். இந்த எச்சரிக்கை இன்றைய ஆய்வுகளுக்கும் பொருந்தும்: வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களையும் அலுவலகம் செல்கிறவர்களையும் வெறுமனே ஒப்பிட்டு முடிவுகட்டினால், அவர்கள் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்களாக இருந்திருக்கக்கூடும் என்பது விடுபட்டுப்போகும்.

இந்தச் சிக்கலைத் தவிர்த்து நடந்த ஒரு சோதனை, சீனாவின் சி-ட்ரிப் பயண நிறுவனத்தில் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் 2010-இல் தொடங்கியதாகும். விருப்பம் தெரிவித்த அழைப்பு மைய ஊழியர்களில் யார் வீட்டிலிருந்து வேலை செய்வது என்பது பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதைக் கொண்டு, குலுக்கல் போல, முடிவு செய்யப்பட்டது. ஒன்பது மாத முடிவில் வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்திருந்தது. அதில் 9 சதவீதம், இடைவேளைகளும் மருத்துவ விடுப்புகளும் குறைந்து, வேலை செய்த நிமிடங்கள் கூடியதால் கிடைத்தது. நிறுவனத்தின் கணக்கேட்டில் இது ஆதாயம். ஆனால் குறைந்துபோன இடைவேளை ஒவ்வொன்றும் நாற்காலியை விட்டு எழாத ஒரு சந்தர்ப்பம் என்பதால், உடலின் கணக்கேட்டில் அதே நிமிடங்கள் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்படும்.

கணக்கில் வராத அசைவு

மனித உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல் மூன்று வழிகளில் போகிறது. மூச்சு, இதயத் துடிப்பு, உடல் வெப்பம் முதலியவற்றைப் பேணுவதற்கான அடிப்படைச் செலவு முதலாவது. பெரும்பாலோருக்கு இதுவே பாதிக்கும் மேற்பட்ட பங்கு. உண்ட உணவைச் செரிக்க ஆகும் செலவு இரண்டாவது. இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. மூன்றாவது அசைவுக்கான செலவு. இந்த மூன்றாவதிலும், திட்டமிட்டுச் செய்யும் உடற்பயிற்சி ஒரு வகை. நிற்பது, நடப்பது, படியேறுவது, குனிந்து எடுப்பது போன்ற அன்றாட அசைவு மற்றொரு வகை. இரண்டாம் வகையை ‘பயிற்சிசாரா அசைவு’ என்று சொல்லலாம். மனிதருக்கு மனிதர் மிகவும் வேறுபடுவதும், வேலைமுறை மாறினால் முதலில் அடிபடுவதும் இதுதான்.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தில் ஜேம்ஸ் லெவின் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பருமனற்ற 16 பேருக்கு எட்டு வாரங்கள் நாள்தோறும் தேவைக்குமேல் 1000 கலோரி உணவு தரப்பட்டது. எல்லோரும் ஒரே அளவு மிகுதியாக உண்டபோதும், சிலருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவும் சிலருக்கு நான்கு கிலோவுக்கு மேலும் கொழுப்புச் சேர்ந்தது. தம்மையறியாமலே அன்றாட அசைவை அதிகமாக்கிக் கொண்டவர்கள் தப்பினார்கள். 2005-இல் அவருடைய குழு மெலிந்தவர்களின் உடையிலும் மிதமான பருமன் உள்ளவர்களின் உடையிலும் அசைவுமானிகளைப் பொருத்திப் பார்த்தபோது, பருமன் உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்திருந்தது தெரியவந்தது.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ 50 கலோரி ஆகும். அலுவலகப் பயணத்தோடு போன நடை மூன்று கிலோமீட்டர் என்று கொண்டால், நாளுக்கு 150 கலோரி மிஞ்சுகிறது. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7700 கலோரி அடங்கியிருப்பதால் ஓராண்டில் ஏழு கிலோ கூடிவிடும் என்று வகுத்துச் சொல்லிவிடக்கூடாது. எடை கூடக்கூட உடலின் செலவும் கூடும் என்பதால் ஏற்றம் மெல்லத் தணிந்து ஒரு புதிய நிலையில் நிற்கும். ஆயினும் அந்தப் புதிய நிலை பழையதைவிட உயரமானது என்பதில் ஐயமில்லை. எடையைத் தவிர வேறொரு இழப்பும் உண்டு. தசை சுருங்கும்போது இன்சுலின் உதவியின்றியும் இரத்தத்திலுள்ள சர்க்கரையை அது உள்ளிழுத்துக்கொள்கிறது. கால்களின் பெரிய தசைகள் மணிக்கணக்கில் ஓய்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டு, உண்ட உணவின் சர்க்கரை இரத்தத்தில் நெடுநேரம் தங்குகிறது. எடைகாட்டும் கருவியில் முள் நகராதவருக்கும் இந்தப் பாதிப்பு உண்டு.

2020-இல் அளந்து பார்த்தவை

பெருந்தொற்றுக் காலம் உலகளாவிய ஒரு அளவீட்டுக்கு வாய்ப்பளித்தது. கைப்பேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்திய நான்கரை லட்சத்துக்கு மேற்பட்டோரின் நடைப் பதிவுகளைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட முப்பது நாள்களுக்குள் சராசரி நடை 27 சதவீதம், அதாவது நாளுக்கு 1400 அடிகளுக்கு மேல், குறைந்திருந்தது. கடுமையான ஊரடங்கு இருந்த இத்தாலியில் நடை ஏறக்குறைய பாதியாகச் சரிய, கட்டுப்பாடு தளர்வாக இருந்த சுவீடனில் சரிவு ஏழு சதவீதத்தைத் தாண்டவில்லை. மக்களின் குணம் ஒரே மாதத்தில் நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபட்டு மாறியிருக்க முடியாது, மாறியது சூழல். அமெரிக்காவில் 269 பேரின் வீட்டு எடைக்கருவிகளிலிருந்து நேரடியாகப் பெற்ற பதிவுகள், வீடடங்கிய காலத்தில் பத்து நாளுக்கு 270 கிராம் என்ற கணக்கில் எடை கூடியதைக் காட்டின. அச்சம், தனிமை, மூடிய பூங்காக்கள் என வேறு பல காரணங்களும் அக்காலத்தில் கலந்திருந்தன என்பதால், அந்த வேகத்தை இன்றைய வீட்டு வேலைக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. திசையை அறிய மட்டும் அது போதுமானது.

டிபன் பாக்ஸின் அளவு

உணவைப் பொறுத்தவரை வீடு பகையும் உறவுமாக ஒருங்கே அமைகிறது. எண்ணெய் மிகுந்த உணவக உணவுக்குப் பதிலாக, கீரையும் பருப்பும் சுடச்சுடக் கிடைப்பது வீட்டிலிருந்து வேலை செய்வதன் பெரும் நன்மை. ஆனால் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போன சோற்றுக்கு ஓர் அடிமட்டம் இருந்தது, தீர்ந்தால் தீர்ந்ததுதான். வீட்டில் சோற்றுப்பானையும் குழம்புச் சட்டியும் பத்தடி தூரத்தில் இருக்க, கூட்டத்தில் காதை வைத்துக்கொண்டு தட்டை மடியில் வைத்து உண்ணும்போது அந்த எல்லை அழிந்துவிடுகிறது. கவனம் வேறெங்கோ இருக்க உண்பவர்கள் அந்த வேளையில் மிகுதியாக உண்பதோடு, அடுத்த வேளையிலும் மிகுதியாக உண்கிறார்கள் என்பதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. உண்டதன் நினைவு சரியாகப் பதியாமல் போவதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

கணினி மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுகளின் தன்மையும் இதில் சேர்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட சோதனையில், சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவை சமமாக இருக்கும்படி தயாரித்த இரு வகை உணவுகள் 20 பேருக்குத் தலா இரண்டு வாரம் வேண்டிய அளவு தரப்பட்டன. ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவை உண்ட இரு வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினார்கள்; மற்ற இரு வாரங்களில் அதே அளவு குறைந்தார்கள். அமெரிக்க வாடிக்கையாளரின் பகல்நேரத்துக்கு ஏற்ப மதியம் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடியும் பணிமுறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. உடலின் உள்கடிகாரம் இரவில் சர்க்கரையைக் கையாளும் திறனைக் குறைத்துவைப்பதால், இரவு பதினொரு மணிக்கு உண்ணும் நான்கு இட்லியும் காலை எட்டு மணிக்கு உண்ணும் நான்கு இட்லியும் உடலுக்கு ஒன்றல்ல.

மெலிந்த தோற்றத்துக்குள் மறைந்த கொழுப்பு

இந்தியர்களைப் பொறுத்தவரை எடையை மட்டும் பார்ப்பது போதாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறை எண்ணே பருமனுக்கான வழக்கமான அளவை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004-இல் தங்கள் உடலையே சான்றாக வைத்து, இருவருக்கும் இந்த எண் 22.3 என்று ஒன்றாகவே இருந்தும், யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதமாகவும் யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதமாகவும் இருந்ததைப் படத்தோடு ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். மெலிந்த கைகால்களோடு, வயிற்றுப் பகுதியில் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு தங்கும் இந்த உடல்வாகு தெற்காசியர்களிடம் பரவலாக உள்ளது. அதனால்தான் மேலை நாடுகளில் 25-இல் தொடங்கும் மிகை எடை, இந்திய அளவுகோலில் 23-இலேயே தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

இந்தப் பின்னணியில் தமிழ்நாட்டின் நிலை கவலைக்குரியது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதத்தினர் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள். ஆண்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் அவ்வாறே. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஒரு மக்கள் கூட்டத்துக்கு, நாளுக்கு மூன்று கிலோமீட்டர் நடை போய்விடுவது சிறிய செய்தியன்று. மாரிஸின் காலத்தில் சீருடையின் இடுப்பளவு சாட்சி சொன்னது; லுங்கியும் நைட்டியும் நாடா வைத்த கால்சட்டையும் எந்த இடுப்புக்கும் இடங்கொடுப்பவை என்பதால், வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு இறுகிப்போன உடை தரும் முதல் எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின், தையல் நாடாவால் மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பது அந்த எச்சரிக்கையை மீட்டுத்தரும்.

மிச்சமான நேரம் யாருடையது

பயணம் நின்றதால் நேரம் மிச்சமாகிறதே, அந்த நேரத்தில் நடக்கலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். 27 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் சராசரியாக 72 நிமிடம் மிச்சமாவதாகவும், அதில் 40 சதவீதம் மீண்டும் வேலைக்கே போவதாகவும் கண்டது. வேலை நீண்டுகொண்டே போவதற்கு உடல் கொடுக்கும் விலை சிறிதன்று: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பதால் ஏற்படும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016-இல் மட்டும் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் மதிப்பிட்டன.

வேலைக்குப் போகாமல் எஞ்சிய நேரமும் பெண்களுக்கு எஞ்சுவதில்லை. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுகிறார்கள். ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்ற ஒற்றை வாக்கியம், இரண்டு கூட்டங்களுக்கு இடையே குக்கரை இறக்குவதையும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவதையும் பெண்ணின் கடமையாக்கிவிடுகிறது. வீட்டுவேலையும் அசைவுதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஓய்வையும் உறக்கத்தையும் அரித்துவரும் அசைவு நலம் தருவதில்லை. உறக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடி, நிறைவைத் தெரிவிக்கும் சுரப்பு குறைந்து, இனிப்பின் மீதும் எண்ணெய்ப் பண்டத்தின் மீதும் நாட்டம் மிகுகிறது.

இந்த நெருக்கடி தமிழ்நாட்டுக்குப் புதியதுமன்று. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து பீடி சுற்றும் பெண்கள் பல தலைமுறைகளாக வீட்டிலிருந்துதான் வேலை செய்துவருகிறார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு இழப்பு. முதுகுவலியும் கழுத்துவலியும் அவர்களுடைய அன்றாடம். வீட்டில் வேலை செய்வோருக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கு இணையான பணிப் பாதுகாப்பும் நலமும் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-ஆவது உடன்படிக்கை 1996-இலேயே கூறியது. மடிக்கணினியின் முன் குனிந்திருக்கும் பொறியாளரும் பீடித்தட்டின் முன் குனிந்திருக்கும் பெண்ணும் ஊதியத்தில் வெகுதூரம் விலகியிருந்தாலும், வேலையிடத்துக்கான பொறுப்பை வேலை கொடுத்தவர் கைகழுவிவிட்டார் என்ற ஒரு புள்ளியில் இருவரும் சந்திக்கிறார்கள்.

மீட்கத்தக்கவை

இழந்த நடையை மீட்பது கடினமானதன்று என்பதையும் ஆய்வுகளே சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழு 2012-இல் வெளியிட்ட சோதனையில், மிகை எடை உள்ளவர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தபோதே, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வு, நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்களும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட்டால், உட்கார்ந்திருப்பதால் கூடும் இறப்பு அபாயம் நீங்குவதாகக் கண்டது. பத்தாயிரம் அடி என்ற புகழ்பெற்ற இலக்கு 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானி ஒன்றின் பெயரிலிருந்து பரவியதாகும். முதிய பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் நாளுக்கு 4400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது என்பதால், எட்டாத இலக்கைக் கண்டு மலைத்து நிற்க வேண்டியதில்லை.

தனிமனிதர் செய்யக்கூடியவை எளியவை: வேலைக்கு முன்னும் பின்னும், பேருந்து நிறுத்தம் வரை போய்வந்த அதே தூரத்தைத் தெருவில் நடந்துவருவது, காணொளி தேவைப்படாத அழைப்புகளை நின்றோ நடந்தோ பேசுவது, மேசையில் பெரிய தண்ணீர்ப் புட்டிக்குப் பதிலாகச் சிறிய டம்ளர் வைத்து, நிரப்புவதற்காகவே எழுவது, மதிய உணவைக் கணினியை மூடிவைத்துவிட்டு, அளவாகப் பரிமாறிக்கொண்டு உண்பது. ஆனால் அடுத்தடுத்த கூட்டங்களுக்கு நடுவே ஐந்து நிமிடம் விடாத நிறுவனத்தில் இவை எதுவும் நிலைக்காது. கூட்டங்களை ஐம்பது நிமிடத்தில் முடிப்பதும், மடிக்கணினியோடு தனி விசைப்பலகையும் சரியான நாற்காலியும் தருவதும், பணிநேரத்துக்குப் பின் அழைக்காமல் இருப்பதும் வேலை கொடுப்பவரின் கடமையாக வேண்டும். பிரான்சில் 2017 முதல் பணிநேரத்துக்கு அப்பால் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021-இல், பணிநேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்வதைக் கட்டுப்படுத்தியது. குடும்பத்தின் பங்கு இவற்றுக்குக் குறைந்ததன்று: வீட்டிலிருக்கும் பெண்ணின் வேலைநேரத்தை வேலைநேரமாகவே மதித்து, அடுப்படியைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில்தான் அவருக்கு மாலை நடைக்கு அரைமணி நேரம் கிடைக்கும்.

லண்டன் பேருந்தின் மாடிப்படிகளை நடத்துநரின் இதயத்தைக் காப்பதற்காக யாரும் கட்டவில்லை. பயணிகளை ஏற்றக் கட்டிய படிகள் அவரையும் காத்தன. அலுவலக வாழ்க்கையின் நடையும் அவ்வாறே தற்செயலாகக் கிடைத்துவந்த பாதுகாப்பு. தற்செயலாகக் கிடைத்ததைத் தற்செயலாகவே இழந்திருக்கும் இக்காலத்தில், வீட்டில் வேலை செய்கிறவருக்கான படிகளை வேலை கொடுப்பவரும் குடும்பமும் சட்டமும் அறிந்தே கட்டித்தர வேண்டியிருக்கிறது. ஏறுவதை மட்டுமே அவரிடம் எதிர்பார்க்கலாம்.